காற்றும் கரும்பும்

வாசகர் ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் இளைப்பாறிய ஆசிரியர். உயர்தர வகுப்பிற் படிக்கும் தம் பேரன் இராப்பகலாகக் கணினியின் முன்னிருந்து கப்பலோட்டுகிறான் என்றும், ஒரு துறையிற் சீனியை வாங்கி மறுதுறையில் விற்கிறான் என்றும், எதிர்ப்படும் ஸ்பானியக் கப்பல்களைப் பீரங்கியாற் சுட்டுக் கொள்ளையிடுகிறான் என்றும், இத்தகைய விளையாட்டுக்களை இலக்கியப் பக்கம் நடத்தும் நாம் கண்டித்து எழுதவேண்டும் என்றும் அவர் கேட்டிருக்கிறார். கடிதம் முழுவதும் கோபம். ஆயினும் அதன் இறுதியில், தாம் நாற்பது ஆண்டுகளாகப் பூமிசாத்திரம் கற்பித்தும் எந்த மாணவனும் அறிந்திராத மேற்கிந்தியத் தீவுகளின் துறைமுகங்களையெல்லாம் அப்பையன் வரிசை பிசகாமற் சொல்கிறான் என்று வியந்துமிருக்கிறார். அந்த வியப்பே எம்மை இத்தலையங்கத்தை எழுதத் தூண்டியது.

கண்டிப்பது எளிது. நவீனம் வந்தபோது கண்டித்தார்கள். சினிமா வந்தபோது கண்டித்தார்கள். வானொலி நாடகத்தையும் கண்டித்தவர்கள் உண்டு. ஒரு பொருளைப் பாராமலே அதன்மேல் தீர்ப்புக் கூறுவது விமர்சனமாகாது என்று இப்பக்கங்களிற் பலமுறை எழுதியிருக்கிறோம். ஆகையால் எமது காரியாலயத்து இளைஞர் ஒருவரின் துணையோடு, அந்த விளையாட்டை வரவழைத்து, மூன்று வார காலம் இரவுகளில் ஆடிப் பார்த்தோம். ஆடினோம் என்பதைவிடக் கரைதட்டினோம் என்பதே பொருந்தும்.

விளையாட்டின் பெயர் 'பைரட்ஸ்', அதாவது கடற்கொள்ளையர். 1987ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து மைக்ரோபுரோஸ் நிறுவனம் அதனை முதலில் வெளியிட்டது. ஆக்கியோன் கனடாவிற் பிறந்த சிட் மையர். நூலின் அட்டையில் ஆசிரியர் பெயர் இருப்பதுபோல விளையாட்டின் தலைப்போடு ஆக்கியோனின் பெயரைச் சேர்த்து அச்சிடும் வழக்கம் அந்நிறுவனத்தில் இவ்விளையாட்டோடு தொடங்கிற்று. 2004ஆம் ஆண்டு அவரே அதனைப் புதுக்கி மீண்டும் வெளியிட்டார். கடிதம் எழுதியவரின் பேரன் ஆடுவது இப்புதிய பதிப்பையே.

பழைய பதிப்பைப் பற்றிய ஒரு செய்தி இலக்கிய அன்பர்க்கு உவப்பாயிருக்கும். அதனோடு ஒரு கைந்நூலும் கொடுக்கப்பட்டது. அக்காலத்துக் கப்பல்கள், துறைமுகங்கள், யுத்தங்கள் ஆகியவற்றின் வரலாறு அதிற் கூறப்பட்டிருந்தது. பெருவிலிருந்து வரும் வெள்ளியைக் கோவேறு கழுதைகள் எப்போது எந்த ஊருக்குக் கொணரும், ஸ்பானிய மன்னனின் திரவியக் கப்பல்கள் எம்மாதம் எத்துறையில் நிற்கும் என்பவையெல்லாம் அதிலே அட்டவணையாக இருந்தன. ஆட்டத்தின் தொடக்கத்திலே கணினி இவற்றுள் ஒன்றைக் கேட்கும். நூலைப் புரட்டாதவன் விடை சொல்லல் இயலாது. கள்ளப் பிரதி எடுப்போரைத் தடுப்பதற்காகச் செய்த உபாயந்தான் அது. ஆயினும் ஒரு தலைமுறைச் சிறுவரைப் புத்தகத்தைத் திறக்காமல் விளையாட முடியாதவர்களாக்கியது. எமது பாடசாலைகளால் இன்னும் இயலாத காரியம்.

ஆட்டம் இதுதான். பல காலப் பகுதிகளுள் ஒன்றையும், ஆங்கிலம், பிரெஞ்சு, ஒல்லாந்து, ஸ்பானியம் என்னும் நான்கு சாதிகளுள் ஒன்றையும் தெரிந்துகொண்டு, சிறு கப்பலோடு கரிபியன் கடலிற் புறப்படுகிறோம். துறைமுகந்தோறும் விலை மாறுகிறது. ஆளுநர்கள் வரவேற்கிறார்கள், அல்லது கோட்டைப் பீரங்கியால் வரவேற்கிறார்கள். ஒரு மன்னனின் பகைவரைக் கொள்ளையிட்டால் அம்மன்னன் பட்டமும் நிலமும் தருகிறான். ஆளுநரின் மகளோடு நடனமாடும் பகுதியொன்றும் புதிய பதிப்பில் உண்டு; அதில் எமது கால்கள் எமக்கு ஒத்துழைக்கவில்லை.

இவ்விளையாட்டின் சிறப்பு யாதெனின், காற்று. இதனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். அக்கடலிற் காற்றுப் பெரும்பாலும் கிழக்கிலிருந்தே வீசுகிறது. பூமிசாத்திர நூல்கள் வியாபாரக் காற்று என்று கூறுவது இதனையே. பார்படோஸ் அக்கடலின் கிழக்கு விளிம்பிற் கிடக்கும் தீவு. அங்கிருந்து பாயை விரித்தால் ஜமெய்க்கா வரை கப்பல் தானே வழுக்கிச் செல்கிறது. முதலிரவில் இந்தச் சுகத்திலே மயங்கி மேற்கே மேற்கே போய்விட்டோம். திரும்பத் தொடங்கியபோதுதான் சங்கடம் விளங்கிற்று. எதிர்காற்றிலே குறுக்கும் நெடுக்குமாக வெட்டி ஓடவேண்டியிருந்தது. நாட்கள் வாரங்களாயின, கப்பலில் உணவு தீர்ந்தது, மாலுமிகள் முணுமுணுத்தனர். வாடைக்கும் சோழகத்துக்கும் கொண்டலுக்கும் கச்சானுக்கும் தனித்தனிப் பெயரிட்டு, அவற்றுக்கேற்பத் தொழிலை வகுத்துக்கொண்ட எமது கரையோர மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இத்தவறைச் செய்திருக்கமாட்டோம். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த செய்தியைப் பெருமையோடு பேசுகிறோம். அந்தச் செயலின் அருமை என்ன என்பது எமக்கு உண்மையில் உறைத்தது இந்த இரவிலேதான் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

கடற்போரும் காற்றையே சார்ந்திருக்கிறது. பீரங்கி அதிகமுள்ளவன் வெல்வான் என்று நினைத்தோம், அப்படியன்று. குறுக்கே கட்டிய பெரும்பாய்களையுடைய ஸ்பானியப் போர்க்கப்பல் காற்றை எதிர்த்துத் திரும்பமாட்டாமல் யானைபோலத் தடுமாறுகையில், ஒற்றைப் பாய்மரச் சிறுகப்பல் காற்றின் மேற்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அதனைச் சுற்றிச் சுற்றி அடிக்கிறது. முதற் பதிப்பிலே சூரியனின் உயரத்தை அளந்து கப்பல் நிற்கும் அகலக்கோட்டைக் காணும் முறையும் இருந்தது. நெடுங்கோட்டை மாத்திரம் மாலுமி ஊகத்தினாற் கணிக்கவேண்டும். அக்காலத்து உண்மையும் அதுவே. கடலிலே நெடுங்கோட்டைத் திருத்தமாக அறிவதற்கான கடிகாரத்தை ஜோன் ஹரிசன் செய்து முடித்தது 18ஆம் நூற்றாண்டிலேதான்.

காற்றைப் போலவே காலத்தைப் பற்றியும் இவ்விளையாட்டு நேர்மையாயிருக்கிறது. நாம் செலுத்தும் தலைவனுக்கு வயது ஏறுகிறது. காயங்கள் ஆறினாலும் கணக்கில் நிற்கின்றன. முப்பதைக் கடந்தபின் வாள் கை சற்றே தாமதிக்கிறது. மாலுமிகளும் என்றென்றைக்கும் உடன் வருவாரல்லர். நெடுநாட் கடலிலே வைத்திருந்தால் கலகம் செய்வார்கள். பொன்னைப் பங்கிட்டுக் கொடுத்தாற் கலைந்து போவார்கள். பங்கீடு முடிந்தபின் ஒற்றைக் கப்பலோடு மீண்டும் தொடங்கவேண்டும். அதற்குள் சில மாதங்கள் கழிந்திருக்கும். எப்போது நிறுத்துவது என்பதே இறுதியில் எஞ்சும் பிரச்சினை. ஓய்வு பெறும்போது தலைவனின் செல்வம், பட்டம், நிலம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, அவன் பிச்சைக்காரனாய் மாண்டானா, மன்னனின் ஆலோசகனாய் வாழ்ந்தானா என்று விளையாட்டுத் தீர்ப்புக் கூறுகிறது. முதுமையை இவ்வளவு கண்டிப்பாகக் கதைக்குள் வைத்திருக்கும் வீர நவீனங்கள் தமிழிற் பல இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

இனி, எமது குறையைக் கூறுவோம். அது நிலத்தைப் பற்றியது.

ஆளுநர் பட்டம் தரும்போது நிலமும் தருகிறார் என்றோம். நூறு ஏக்கர், இருநூறு ஏக்கர், ஐந்நூறு ஏக்கர் என்று அது ஏறிக்கொண்டே போகிறது. கரிபியன் தீவிலே ஐந்நூறு ஏக்கரில் என்ன விளைந்தது? பெரும்பாலும் கரும்பு. அக்கரும்பை வெட்டியவர் யார்? விளையாட்டு இதற்கு விடை சொல்வதில்லை. துறைமுகச் சந்தையிலே சீனி மூட்டை இருக்கிறது. அதன் விலை ஏறி இறங்குகிறது. அதை விளைத்த கை மாத்திரம் இல்லை. பண்டங்களின் பட்டியலிலே அடிமைகள் இல்லை. வரலாற்றிலோ அக்கடலின் தலையாய சரக்குகளில் ஒன்று மனிதர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஆபிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர் ஏறத்தாழ 125 இலட்சம் பேர் என்றும், உயிரோடு கரை சேர்ந்தவர் 107 இலட்சம் பேர் அளவில் என்றும் ஆய்வாளர் கணக்கிட்டிருக்கின்றனர். இரண்டுக்கும் இடையிலுள்ள தொகை கடலுக்குள் இருக்கிறது.

விளையாட்டு எடுத்துக்காட்டும் வீரர்களையே பார்ப்போம். வரலாற்றுப் படையெடுப்புக்கள் சிலவற்றை நடத்திப் பார்க்கும் வாய்ப்பை முதற் பதிப்புத் தருகிறது. அவற்றுள் ஒன்று ஜோன் ஹோக்கின்ஸ் என்னும் ஆங்கிலேயருடையது. ஹோக்கின்ஸ் 1562ஆம் ஆண்டு முதல் சியராலியோன் கரையில் மனிதரைப் பிடித்து மேற்கிந்தியத் தீவுகளில் ஸ்பானியருக்கு விற்றவர். இங்கிலாந்து அவருக்கு வழங்கிய குலச்சின்னத்தில் ஆபிரிக்கர் ஒருவரின் கட்டுண்ட உருவம் இருந்தது. அவர்களே அதனை மறைக்கவில்லை, கேடயத்தின்மேல் ஏற்றிவைத்தார்கள். இன்னொரு படையெடுப்பு ஹென்றி மோர்கனுடையது. 1671ஆம் ஆண்டு பனாமா நகரைச் சூறையாடினார். 1674இல் 'சேர்' பட்டம் பெற்றார். ஜமெய்க்காவின் துணை ஆளுநரானார். 1688இல் படுக்கையில் இறந்தார். அதாவது, இவ்விளையாட்டிலே பெறக்கூடிய மிகச் சிறந்த முடிவை வாழ்க்கையிலே பெற்றவர் அவர். அவர் விட்டுச்சென்ற சொத்தைக் கணக்கெடுத்தபோது தோட்டங்களோடு நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளும் எழுதப்பட்டனர். விளையாட்டின் இறுதிக் கணக்கிலே ஏக்கர் இருக்கிறது. இந்தப் பதிவு இல்லை.

ஏக்கர் என்ற சொல்லைக் கேட்டவுடன், அங்கே வேலை செய்தவர் யார் என்று வினவுவது இந்நாட்டுத் தமிழ் வாசகர்க்கு இயல்பாய் வரவேண்டும். மலைநாட்டுத் தோட்டங்களின் ஏக்கர் கணக்கு நூல்களில் உண்டு; காடு வெட்டியவர்களின் பெயர் எந்த நூலிலும் முழுமையாக இல்லை. இதற்கும் கரிபியன் தீவுகளுக்கும் உள்ள தொடர்பு வெறும் உவமையன்று. பிரித்தானியக் குடியேற்றங்களிலே 1834ஆம் ஆண்டும் பிரெஞ்சுக் குடியேற்றங்களிலே 1848ஆம் ஆண்டும் அடிமை முறை ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியவர்கள் இந்தியாவுக்கு வந்தனர். 1850களிலே பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள் மார்த்தினிக்கு, குவாதலூப்பு என்னும் தீவுகளில் ஒப்பந்தக் கூலிகளாக இறக்கப்பட்டார்கள். குவாதலூப்பிலே இன்றும் மாரியம்மனுக்குக் கோயில் உண்டு. அப்பையன் வரிசை பிசகாமற் சொல்லும் துறைமுகங்களுள் இந்தத் தீவுகளின் துறைகளும் அடங்கும். தன் மொழி பேசியோர் அத்தோட்டங்களிலே கரும்பு வெட்டினர் என்பதை அறியாமலே அவன் அங்கு நங்கூரமிடுகிறான்.

விளையாட்டுத்தானே, இவ்வளவு பாரத்தை அதன்மேல் ஏற்றலாமா என்று கேட்பாருமுளர். அவர்களுக்கு ஒரு நவீனத்தை நினைவூட்டுகிறோம். டேனியல் டெஃபோ 1719ஆம் ஆண்டு வெளியிட்ட 'றொபின்சன் குரூசோ'வைச் சிறுவயதில் அறியாதவர் எம்மில் அரியர். தனித்தீவு நினைவிருக்கும், ஆடுகளும் குடையும் நினைவிருக்கும். குரூசோ எதற்காகக் கப்பலேறினான் என்பது நினைவிருக்கிறதா? பிரேசிலிலே தோட்டம் வைத்திருந்த அவன், அத்தோட்டத்துக்கும் அயலவர் தோட்டங்களுக்கும் அடிமைகளைக் கொணர்வதற்காக ஆபிரிக்காவின் கினிக் கரையை நோக்கிப் புறப்பட்டபோதுதான் கப்பல் உடைந்தது. டெஃபோ அதனை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். சிறுவர்க்காகச் சுருக்கியவர்கள் பலர் அதை உதிர்த்துவிட்டனர். அடிமை வியாபாரத்தைப் பிழையென்று டெஃபோ கருதினாரோ இல்லையோ, அது நடந்தது என்பது அவர் நூலில் இருக்கிறது. வாசகன் அதன்மேற் கோபங்கொள்ள இடமிருக்கிறது. விட்டுவிட்ட பொருளின்மேல் எவரும் கோபங்கொள்ள முடியாது. விளையாட்டின் ஆக்கியோன் மீது நாம் சாட்டும் குற்றம் இதுவே. காற்றின் திசையைக்கூடப் பிழையாகக் காட்டக்கூடாதென்று அத்தனை கவலை கொண்டவர், கரும்பு எவ்வாறு விளைந்தது என்பதிலே கவலை கொள்ளவில்லை. அறியாமை என்று சொல்ல வழியில்லை.

அப்படியானால் அடிமைகளையும் சரக்காகப் பட்டியலிற் சேர்த்துவிடலாமா? இங்கேதான் காரியம் கடினமாகிறது. தென்மார்க்குத் தேசத்திலே பாடசாலைப் பிள்ளைகளுக்கு அடிமை வியாபாரத்தைக் கற்பிப்பதற்கென்று ஒரு கணினி விளையாட்டு 2013ஆம் ஆண்டு செய்யப்பட்டது. அதில் ஒரு கட்டம், மனித உருவங்களைத் திருப்பித் திருப்பிக் கப்பலின் அடித்தட்டிலே இடைவெளியின்றி அடுக்குவது. செய்தவர்களின் நோக்கம் கொடுமையை உணர்த்துவது என்றே சொல்லப்பட்டது. ஆனால் அடுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளையின் மனம் இடைவெளியில்லாமல் அடுக்குவதிலேதான் நிற்கும். 2015ஆம் ஆண்டு பெருங்கண்டனம் எழுந்தபின் அக்கட்டம் நீக்கப்பட்டது. அதே 2013இல் யூபிசொஃப்ட் நிறுவனம் வெளியிட்ட 'ஃப்ரீடம் கிறை' என்னும் விளையாட்டிலே, முன்னர் அடிமையாயிருந்த அடேவாலே என்பவன் தலைவன். தோட்டங்களையும் கப்பல்களையும் தாக்கி அடிமைகளை விடுவிக்கிறான். எவ்வளவோ மேலான முயற்சி. ஆயினும் விடுவித்தோரின் தொகை ஏற ஏறத்தான் தலைவனுக்குப் புதிய ஆயுதங்கள் கிட்டுகின்றன. விடுதலை பெற்ற மனிதரும் முடிவில் ஓர் இலக்கமாகிவிடுகின்றனர். தொகையைப் பெருக்குவதே இன்பமாக அமைந்த ஒரு கலைவடிவத்திலே, எண்ணத் தகாத ஒன்றை எப்படி வைப்பது? இதற்குத் தீர்வு கண்டவர் எவரையும் நாம் இதுவரை காணவில்லை.

எமக்கு ஒரு சிறு யோசனை உண்டு. அடிமைகளை வாங்கி விற்கும் வாய்ப்பை ஆடுபவனுக்குக் கொடுக்கவேண்டியதில்லை. ஆளுநர் ஐந்நூறு ஏக்கரைத் தரும்போது அந்த நிலத்தை ஒருமுறை காட்டினாற் போதும். வெயிலில் வரிசையாக நிற்பவர்களை ஆடுபவன் பார்க்கட்டும். அதற்கு மேல் ஒரு புள்ளியும் ஏறவேண்டாம், இறங்கவும் வேண்டாம். பிறகு அவன் பாயை விரித்துப் போகலாம். அல்லது, அந்தப் பழைய கைந்நூலைத் திருப்பிக் கொடுத்து, கப்பல் புறப்படுமுன் கணினி கேட்கும் கேள்வியை மாற்றலாம்: இந்தச் சீனி எந்தத் தோட்டத்தது, அங்கே இவ்வாண்டு எத்தனை பேர் இறந்தனர் என்று.

கடிதம் எழுதிய பெரியவருக்கு எமது விடை இது. பேரனைத் தடுக்காதீர்கள், பரீட்சை நெருங்கும் மாதங்களிலே மணித்தியாலத்தை மாத்திரம் குறையுங்கள். ஒரு மாலையில் அவனருகே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமருங்கள். கிழக்கே திரும்பிவரத் தெரியாமல் நாம் பட்ட பாட்டை அவன் உங்களுக்கு விளக்குவான். நாற்பது ஆண்டு கற்பித்த வியாபாரக் காற்றை நீங்கள் முதன்முறையாகக் கண்ணாற் காண்பீர்கள். அவனுக்கு ஆளுநர் நிலம் தரும் சமயத்தில், அந்த ஏக்கர்களைப் பற்றி அவனிடம் கேளுங்கள். மார்த்தினிக்கில் இறங்கிய தமிழரைப் பற்றிச் சொல்லுங்கள். அவன் மறுமொழி என்னவென்று எமக்கும் எழுதுங்கள்.

இதுகாறும் நூல்களுக்கும் நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் ஒதுக்கிவந்த எமது மதிப்புரைப் பகுதியில், அடுத்த மாதத்திலிருந்து கணினி விளையாட்டுக்களுக்கும் ஒரு பத்தி இடமளிக்க எண்ணியுள்ளோம். ஆடித் தேறிய இளைஞர்கள் எழுதலாம். எப்படி வெல்வது என்பதை எழுதவேண்டியதில்லை; ஆடும்போது எதைச் செய்தீர்கள், எதைச் செய்ய விளையாட்டு உங்களை விடவில்லை என்பதை எழுதுங்கள். கட்டுரைகள் எழுநூறு சொற்களுக்கு மேற்படாதிருத்தல் நன்று.